ஐந்தாம் ராங்கின் பீவர் அணையும் ஒரு பதிவுத் தபாலும்

செங் ஃபிர்மேன், க்யூபெக்
செப்டம்பர் 28

மதிப்பிற்குரிய பெர்னதெத் அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி ஒடீல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று எழுத வேண்டிய இடத்தில், ஒருவர் நலம், இன்னொருவர் காட்டில் என்று எழுத நேர்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? த்ருவா ரிவியேரில் குளிர் தொடங்கிவிட்டதா? பூனை சாப்பிடுகிறதா? இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசைதான். ஆனால் நீங்கள் முப்பது வருடம் தலைமை ஆசிரியையாக இருந்தவர். பூனையை விசாரிக்கிற கடிதத்தில் அடுத்த வரியில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பீர்கள்.

கயெத்தான் வீட்டை விட்டுப் போய் இன்றோடு பதினெட்டு நாள். மூஸ் மான் வேட்டைக் குடிலில் இருக்கிறார். வேட்டை தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. தொடங்கிவிட்டால் நவம்பர் வரை ஆண்பிள்ளைகள் யாரையும் ஊருக்குள் பார்க்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அதற்குள் அவர் வீடு திரும்ப வேண்டும். நான் அவரை விவாகரத்து செய்யவில்லை. யாராவது உங்களுக்குப் போன் போட்டு அப்படிச் சொல்லியிருந்தால் அது தபால் நிலையத்துக் கிஸ்லேனிடமிருந்து புறப்பட்ட செய்தி, நம்ப வேண்டாம். குடிலில் போன் எடுக்காது. நீங்கள் உங்கள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்: “வீட்டுக்குப் போ.” ஏழு வயதில் நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதற்காக இன்றுவரை சாப்பாட்டு மேசைத் துணியை முக்கோணமாக மடித்து வைக்கிற மனிதர் அவர். நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் கேட்பதில்லை என்பதுதான் இந்தக் கதையே.

ஆகஸ்ட் கடைசியில் மொன்ட்ரியாலிலிருந்து ஒரு வேனில் ஐந்து பேர் வந்தார்கள். பீவர்கள் பல்லால் மரத்தை அறுத்து ஓடையில் அணை கட்டுவதைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார்களாம். டைரக்டர் பெயர் லோயிக், முப்பது வயதிருக்கும், வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத பையன். எங்கள் வீட்டெதிரே ஐந்தாம் ராங் சாலைக்கு அடியில் ஓடை போகிற மதகுக் குழாய் இருக்கிறதல்லவா, அதன் வாயில் இருக்கும் அணையைப் பார்த்துவிட்டு அவன் தொப்பியின் மேல் கை வைத்து “மாபெரும் கட்டடக் கலைஞர்கள்!” என்றான். அந்தக் கட்டடக் கலைஞர்களைக் கயெத்தான் என்ன சொல்லி அழைப்பார் என்று பக்தியுள்ள உங்களுக்கு எழுத முடியாது. நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம் என்று கோயில் பாத்திரம் எல்லாம் நம் ஊர் வசவாக அதில் வரும். சாலை ஆய்வாளராகப் பதினோரு வருடமாக அவர் அந்த அணையைக் கொக்கியால் இழுத்துப் பிரித்துப் போடுவதும், மறுநாள் காலையில் அது பழையபடி நிற்பதும், அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்து, “கட்டிட்டான்யா” என்பதும் எங்கள் வீட்டின் இலையுதிர்காலம். அந்த “கட்டிட்டான்யா”வில் கோபம் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஊராட்சி மன்றம் கூடியது. மேயர் அல்சீத் நாற்காலியில் உட்காரவே இல்லை. “நம்ம ஊரு டிவியில வரப்போவுது! பக்கத்து ஊர்க்காரனுங்க வயிறு எரிஞ்சே சாவணும்!” என்று ஒரே குதியாகக் குதித்தார். ஆறு வாரத்துக்கு அந்த அணையை யாரும் தொடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. எங்கள் மன்றத்தின் விதி ஒன்று இருக்கிறது: ஒரு தடை போட்டால் அதனால் பாதிக்கப்படக்கூடிய ஒவ்வொருவருக்கும் செயலாளர் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று நான் கேட்டேன். அல்சீத் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அந்தப் பச்சைத் தண்ணியில வேற எவன் இறங்குவான், ஒடீல்? உன் புருஷனை விட்டா?” என்றார். ஆக, பட்டியலில் ஒரே ஒரு பெயர். செயலாளர் நான். தட்டச்சு செய்தேன்: “திரு. கயெத்தான் லவெர்டூர் அவர்களுக்கு, மேற்படி அணையைத் தாங்கள் தொடுவதோ, பிரிப்பதோ, சேதப்படுத்துவதோ இதன்மூலம் தடை செய்யப்படுகிறது. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, ஒடீல் லவெர்டூர்.” கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தபால் நிலையத்தில் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்துக்கும் தபால் நிலையத்துக்கும் நடுவில் இருப்பது எங்கள் வீடு. கடிதம் வீட்டைத் தாண்டித்தான் போயிற்று.

மறுநாள் கிஸ்லேன் சாலையில் வேலையாக இருந்த அவரைக் கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். அப்போது பக்கத்துக் கடைக்கு ரொட்டி வாங்க வந்த நாலு பேர் அங்கே இருந்திருக்கிறார்கள். “கயெத்தான், உனக்கு ரெஜிஸ்டர் தபால் வந்திருக்கு. அனுப்பினது யாருன்னு பாத்தியா? உன் பொண்டாட்டி!” என்றிருக்கிறாள். இவர், “என் பொண்டாட்டியா? காலையிலதானே என்கூட உக்காந்து முட்டை தின்னா?” என்றிருக்கிறார். “முட்டை தின்னாலும் சட்டம் சட்டம்தான். இங்க ஒரு கையெழுத்துப் போடு” என்று மஞ்சள் அட்டையை நீட்டியிருக்கிறாள். அக்கா, இந்த ஊரில் மனைவி கணவனுக்குப் பதிவுத் தபால் அனுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏழு வருடம் முன்னால் மரக்கடை நோர்மானுக்கு அப்படித்தான் வந்தது. கோடைக்குள் அவர் வீடும் போயிற்று, நாயும் போயிற்று. கயெத்தான் உறையைப் பிரிக்கும் முன்பே நோர்மான் வந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பட்டாணி சூப். அவர் கடிதத்தைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, கண்ணாடி போட்டு, முழுவதையும் சத்தமாகப் படித்தார். ‘சேதப்படுத்துவதோ’வை இரண்டு தடவை படித்தார்.

“ரெண்டடி தூரத்துல உக்காந்து சூப் ஊத்துற. வாயால சொல்லக் கூடாதா?”

“விதி அப்படி, கயெத்தான். ரெஜிஸ்டர்லதான் அனுப்பணும்.”

“சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம்ல?”

“நேத்து சொன்னேனே. ஹாக்கி பாத்துக்கிட்டே ‘ம்’ன்னு சொன்னே.”

“எல்லாத்துக்கும்தான் ‘ம்’ங்கிறேன்!”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அவர் துணியை முக்கோணமாக மடித்து வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலை என் மேசையில் ஒரு விடுப்பு விண்ணப்பம் இருந்தது, முப்பது நாள். ஊராட்சி ஊழியர்களின் விடுப்பை அனுமதிக்கிற அதிகாரியும் நான்தான் என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். நிராகரிக்க விதிப்படி காரணம் எதுவும் இல்லை. என் கணவர் என்னை விட்டுப் போவதற்கு நானே அனுமதி வழங்கி, நகல் எடுத்து, கோப்பில் வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட இறைச்சிப் பைகள் வரத் தொடங்கின. துக்க வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல ஒவ்வொருத்தியாகத் துணி மூடிய தட்டுடன் வந்து, என் தோளைத் தொட்டு, “நாங்க இருக்கோம்” என்றார்கள். மொத்தம் பதினொன்று. அல்சீத் மனைவி கொண்டுவந்ததில் தட்டுக்கு அடியில் வக்கீல் ஒருவரின் விலாச அட்டையும் இருந்தது. “நல்ல ஆளு. நோர்மான் பொண்டாட்டிக்கு நாயையும் சேத்து வாங்கிக் குடுத்தாரு” என்று காதோடு சொன்னாள். இது ஒரு பீவர் அணையைப் பற்றிய அறிவிப்பு என்று நான் விளக்கினேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, “ஆரம்பத்துல எல்லாரும் அப்படி ஏதாவதுதான் சொல்வாங்க” என்றாள்.

இதற்குள் ஓடையில் ஒன்று தெரிந்துபோயிற்று. பதினோரு வருடத்தில் முதல் முறையாக யாரும் அணையைப் பிரிக்க வரவில்லை என்பதைப் பீவர்கள் புரிந்துகொண்டன. நாலே நாளில் தண்ணீர் ஐந்தாம் ராங்கின் குறுக்கே ஓடியது. லோயிக்கின் வேன் சக்கரம் முழுகி நின்றது. வேனில் படுத்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார்கள். அவர்களில் ஒலிப்பதிவு செய்கிற மெலானி என்ற பெண் இறைச்சி தொடமாட்டாள். வீட்டில் பதினோரு இறைச்சிப் பை. அவளுக்கு நான் தினமும் ரொட்டியும் மேப்பிள் பாகும் கொடுத்து உயிரோடு வைத்திருக்கிறேன். நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர். நான் உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கி மாடிப்படியில் அடுக்கினேன். அணையைத் தொடாதே என்று என் பெயரும் பதவியும் போட்டு ஓடைக்கரையில் ஒரு பலகை நட்டிருந்தோம். ஒரு நாள் காலை பார்த்தால் அதன் கம்பத்தைக் கடித்துச் சாய்த்து, பலகையோடு இழுத்துப்போய் அணையில் சொருகியிருக்கின்றன. சேற்றுக்கும் சுள்ளிக்கும் நடுவே “இப்படிக்கு, ஒடீல் லவெர்டூர், செயலாளர்” என்று மட்டும் வெளியே தெரிகிறது. போகிற வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். அணையை நானே கட்டிக் கையெழுத்துப் போட்டதுபோல இருக்கிறது.

லோயிக் நல்ல பையன்தான், ஆனால் பீவரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகம். தன் படத்துக்கு எழுதிய வர்ணனையைச் சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டினான். பீவர் தன் வாலைக் கரண்டிபோல வைத்துச் சேற்றைப் பூசும் என்று அதில் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “வாலால பூசாது. சேத்தை முன்னங்கையில எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்து, கையாலதான் அமுக்கும். வாலு, ஆபத்துன்னா தண்ணியில அடிக்கிறதுக்கு” என்றேன்.

“யார் சொன்னது?”

“என் புருஷன்.”

“அவரு விஞ்ஞானியா?”

“இல்ல. எதிரி.”

அவன் அதைக் குறித்துக்கொண்டான். அன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் “உங்க புருஷன் என்ன சொல்வாரு?” என்று கேட்டான். நானும் சொல்லிக்கொண்டே போனேன். தண்ணீர் ஒழுகும் சத்தம் காதில் விழுந்தால் பீவருக்குப் பொறுக்காது, வேலையைத் தேடிப் போகும். குளிருக்கு முன்பே கிளைகளைத் தண்ணீருக்கடியில் சேர்த்து வைக்கும். இரண்டு வயதான குட்டிகளை வெளியே அனுப்பிவிடும். என் கணவர் பதினோரு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் பீவரைப் பற்றிப் பேசியிருக்கிறார், நான் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. “ம்” சொல்லிக்கொண்டுதான் கேட்டிருப்பேன்.

18ஆம் தேதி அலுவலகத்துக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கிஸ்லேன் அதை ஓடியே கொண்டுவந்தாள். “மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. பொருளை நன்கு கவனித்தேன். அணையைத் தொடவில்லை, தொடுவதாகவும் இல்லை. இத்துடன், சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். குளிர்கிறது. இப்படிக்கு, கயெத்தான் லவெர்டூர்.” வந்த தபால்களின் பதிவேட்டில் இதை ஏற்ற வேண்டும். ‘பொருள்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அரைமணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “காலுறை” என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து காலுறையை எடுத்துக்கொண்டு குடிலுக்கே போனேன். பாதி வழியில் காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் மூஸ் ஏங்கி ஏங்கிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மனத்தைப் பிசைகிற குரல். பாவம் எதற்காக இப்படி அழுகிறதோ என்று நின்று கேட்டேன். பிறகுதான் புரிந்தது, அது உங்கள் தம்பி. வேட்டைக்காகப் பூர்ச்ச மரப்பட்டைக் குழலில் ஊதிப் பழகிக்கொண்டிருந்தார். நான் “கயெத்தான்!” என்று கூப்பிட்டேன். உடனே குழல் நின்றது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. காட்டில் இருக்கிற ஆண் மூஸ் அத்தனையையும் அப்படி உருகிக் கூப்பிடுகிறவர் சொந்த மனைவிக்கு ஒரு பதில் குரல் கொடுக்கவில்லை. காலுறையைக் கதவுப்பிடியில் தொங்கவிட்டுவிட்டு வந்தேன். வழியில் ஏதாவது மூஸ் எதிரே வந்திருந்தால் அதனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

இனி நான் எழுதப் போவது சபைக்கு ஆகாது, ஆனாலும் எழுதியாக வேண்டும். எங்கள் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி ஆறு வருடமாக ஒழுகுகிறது. பகலிலும் இரவிலும் சளசளவென்று ஒரு ஓடை வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. “சனிக்கிழமை பாக்குறேன்” என்று உங்கள் தம்பி சொல்லி ஏறக்குறைய முந்நூறு சனிக்கிழமை கடந்துவிட்டது. லோயிக்கின் கவலை என்னவென்றால், பீவர்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டியே வேலை செய்கின்றன. தண்ணீர்ச் சத்தத்தைப் பற்றி நான் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. கேமராவுக்கு எதிரே கரையில் ஒரு ஒலிபெருக்கியை வைத்து, தண்ணீர் ஒழுகும் சத்தத்தை ஓடவிட்டால்? மெலானி ஓடையில் பதிவு செய்தாள், காற்று இரைச்சல். குழாயில் பதிவு செய்தாள், சரியில்லை. பிறகு கழிப்பறைக்குப் போய்விட்டுக் கண் விரிய வெளியே வந்து, “இவ்ளோ சுத்தமான ஒழுகல் சத்தத்தை நான் எங்கயும் கேட்டதில்ல!” என்றாள்.

25ஆம் தேதி சாயங்காலம் ஒலிபெருக்கியில் எங்கள் கழிப்பறை ஓடையோரம் முழங்கியது. பெரிய பீவர், கயெத்தான் ‘முதலாளி’ என்று அழைப்பாரே, அது தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டது. கரையேறி வந்தது. துளித் தண்ணீர் இல்லாத காய்ந்த கரையில் இருந்த அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு போய்ச் சேற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து அதன் மேல் அமுக்கியது. இன்னொன்று சுள்ளி கொண்டுவந்தது. இரண்டு மணி நேரம். கேமராவுக்கு நேர் எதிரே. ஒலிபெருக்கி மூடி மறைந்து, சத்தம் மங்கி, கடைசியில் நின்றேவிட்டது. லோயிக் அழுதான், மெலானி அழுதாள். நானும் அழுதேன், ஆனால் வேறு காரணம். ஆறு வருடமாக நான் சொல்லியும் நிற்காத சத்தத்தை, யாரும் சொல்லாமலே, பல்லாலும் கையாலும் ஒரு பிராணி நிறுத்திவிட்டதே!

அக்கா, இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால் விதிப்படி நடந்த செயலாளர் ஒருத்தி தெரிகிறாள். அது முழு உண்மை இல்லை. பதிவுத் தபால் அனுப்பும் முன் அவர் பார்க்கிற டிவியை நான் அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகும். நான் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்யவில்லை. தட்டச்சு செய்யும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது நான் சொன்ன ஒன்றை அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அந்த மஞ்சள் அட்டை அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது பார்த்தேன். பேனாவை அழுத்தி அழுத்தி அட்டையே கிழிந்திருந்தது. அதைக் கோப்பில் வைக்காமல் என் கைப்பையில் வைத்திருக்கிறேன். இது விதிமீறல்.

நான் மன்னிப்புக் கேட்கத் தயார். ஆனால் தீர்மானத்தைத் திரும்பப் பெற மன்றம் கூட வேண்டும், அது அக்டோபர் இரண்டாம் செவ்வாய்தான். அதற்குள் வேட்டை தொடங்கிவிடும். ஆகவே உங்கள் ஒரு வரி வேண்டும். ‘வீட்டுக்குப் போ’ மட்டும் போதும். அதற்குக் கீழே ‘அவள் உன்னைத் தேடுகிறாள்’ என்று எழுதுவது உங்கள் விருப்பம்.

உங்கள் முழங்காலுக்கு அன்னை மரியாள் துணையிருக்கட்டும், பூனைக்குப் பசி குறையாமல் இருக்கட்டும், உங்கள் செபத்தில் எங்கள் நிலவறைக்கும் ஒரு இடம் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
ஒடீல்

பி.கு. (செப்டம்பர் 30, காலை): அக்கா, மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். இன்று விடியும்போது ஏதோ உலுக்கியதுபோல விழித்துக்கொண்டேன். என்னவென்று பார்த்தால், சத்தமே இல்லை. ஆறு வருடத்தில் முதல் முறையாக வீடு அமைதியாக இருந்தது. கழிப்பறைக் கதவுக்கு வெளியே சேறு படிந்த பூட்ஸ். உள்ளே உங்கள் தம்பி சாம்பல் நிறக் காலுறையோடு தரையில் உட்கார்ந்து திருகுச்சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்று லோயிக் குடிலுக்குப் போய்ப் படத்தைக் காட்டியிருக்கிறான். முதல் வினாடியிலேயே இவர் எழுந்து நின்று, “டேய், அது என் வீட்டுக் கக்கூஸ்டா!” என்றிருக்கிறார். முதலாளி அதை அடைத்து முடிக்கும்வரை நின்றே பார்த்தாராம். பிறகு, “கட்டிட்டான்யா” என்றிருக்கிறார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

நிலவறைத் தண்ணீரும் மதியத்துக்குள் இறங்கிவிடுமாம். அணையில் சத்தம் வராதபடி ஓரமாக ஒரு குழாயைச் செருகித் தண்ணீரை வடித்தால் பீவருக்குத் தெரியாதாம், இது இவருக்குப் பதினோரு வருடமாகத் தெரியுமாம். ஏன் செய்யவில்லை என்றேன். “யாரும் கேக்கலையே” என்றார். செயலாளர் என்ற முறையில் நான் அந்தக் குழாயைப் பார்க்கவில்லை.

இப்போது லோயிக் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறான். மெலானியின் பதிவில் ஏதோ கோளாறு, அந்தச் சத்தம் மறுபடி வேண்டுமாம், தொட்டியை இன்னும் ஒரே ஒரு நாள் ஒழுகவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். கயெத்தான் இறைச்சிப் பையைத் தின்றுகொண்டே, “எழுத்துல குடு தம்பி. ரெஜிஸ்டர் தபால்ல” என்கிறார்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். உறையில் போடாமல் மேசை மேலேயே வைத்திருந்தேன். நேற்று இரவே வந்தவர் விடியும்வரை அங்கே உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது. பக்கத்தில் துணி முக்கோணமாக மடித்து இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே ஓரத்தில் இருப்பதைப் பாருங்கள். அதனால்தான் அனுப்புகிறேன். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள், எனக்கு வேண்டும்.

முழுவதும் படித்தேன். பெற்றுக்கொண்டேன்.
— கயெத்தான் லவெர்டூர்